வீட்டிலிருந்தே குடிக்குச் சிகிச்சை. முதல் வாரம் மட்டும் வார்டில்

கேள்வி:

என் கணவருக்கு 46 வயது. செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறார். உழைப்பாளி. கையில் காசு இருந்தால் பிள்ளைகளுக்குக் கணக்குப் பார்க்க மாட்டார். ஆனால் பத்து, பன்னிரண்டு வருடமாகத் தினமும் சம்சு. வேலை முடிந்து வரும் வழியில் ஒரு பாட்டில், ராத்திரி வீட்டில் இன்னொன்று. இப்போது காலையில் கொஞ்சம் போடாவிட்டால் கை நடுங்குகிறது என்கிறார். சுகர் வேறு இருக்கிறது. மாத்திரை சாப்பிடுவதாகச் சொல்கிறார்.

போன தைப்பூசத்துக்கு மாலை போட்டு ஒரே நாளில் குடியை நிறுத்தினார். மறுநாள் விடியற்காலையில் கை கால் வெட்டி வெட்டி இழுத்து வலிப்பு வந்துவிட்டது. சாமி குத்தம் என்றார்கள். பயந்துபோய் மாலையைக் கழற்றி வைத்தார், மறுபடியும் பழைய கதைதான். மாமியார் தஞ்சோங் ரம்புத்தான் மனநல ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் விடச் சொல்கிறார். பக்கத்து வீட்டு அக்கா ஒரு பொடி வாங்கி வைத்திருக்கிறார். அவருக்குத் தெரியாமல் குழம்பில் கலந்து கொடுத்தால் குடியே வெறுத்துவிடுமாம். என் தங்கை மகள் நர்ஸ் படிக்கிறாள். வீட்டில் இருந்தபடியே மாத்திரை, கவுன்சலிங் என்று சிகிச்சை இருக்கிறது, பெரியம்மா என்கிறாள். அது உண்மையா? போனால் என்னென்ன செய்வார்கள்? எத்தனை நாள் ஆகும்? வேலை போய்விடுமா, போலீஸில் பேர் ஏறுமா?

– வாசகி, சுங்கை ஆயர் தாவார்

பதில்:

முதலில் அந்த வலிப்பைப் பற்றிப் பேசிவிடுவோம், சகோதரி. உங்கள் கடிதத்தில் என்னைக் கலவரப்படுத்திய வரி அதுதான். அது சாமி குத்தம் இல்லை. வருடக்கணக்கில் தினமும் மது போகும் மூளை, அந்த மதுவின் மந்தத்துக்கு ஈடுகொடுக்கத் தன்னைத்தானே எப்போதும் முடுக்கி வைத்துக்கொள்கிறது. மது திடீரென்று நின்றால் மந்தம் போய்விடும், முடுக்கம் மட்டும் மிஞ்சும். கடைசியாகக் குடித்த 6 முதல் 12 மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும் படபடப்பும் ஆரம்பிக்கும். 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்குப் புத்தி தடுமாறும்: இல்லாத ஆளோடு பேசுவார்கள், சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார்கள், உடம்பு கொதிக்கும், நெஞ்சு அடித்துக்கொள்ளும். டெலிரியம் ட்ரெமென்ஸ் என்று பெயர். கவனிக்காமல் விட்டால் ஆள் இறந்துபோவதும் உண்டு. மாலை போடும் நேரத்தில் நம் தோட்டங்களில் எத்தனை பேர் இப்படிச் சொல்லாமல் கொள்ளாமல் நிறுத்துகிறார்கள் என்று நினைத்தால் எனக்குக் கவலையாகத்தான் இருக்கிறது. விரதத்தைக் குறை சொல்லவில்லை. தினமும் குடிப்பவர் மாலைக்கு இரண்டு வாரம் முன்பே கிளினிக்குக்குப் போய்வரட்டும் என்கிறேன்.

இனி உங்கள் கேள்வி. ஆமாம், வீட்டில் இருந்தபடியே மருந்தும் ஆலோசனையுமாகச் சிகிச்சை இருக்கிறது. பல நாடுகளில் மதுச் சிகிச்சையில் பெரும்பகுதி இன்று இப்படித்தான் நடக்கிறது. ஆனால் உங்கள் கணவருக்கு அந்தச் சிகிச்சையின் முதல் வாரம் மட்டும் வீட்டில் வேண்டாம். நிறுத்தியபோது ஒரு முறை வலிப்பு வந்தவருக்கு அடுத்த முறையும் வர வாய்ப்பு அதிகம். அதனால் குடியை நிறுத்தும் அந்த ஐந்து, ஏழு நாள் வார்டில் இருக்கட்டும். பிறகு வரும் மாதங்கள் எல்லாம் வெளிநோயாளிதான். அதுவரை அவரை ஒரேயடியாக நிறுத்தச் சொல்லி நெருக்காதீர்கள். ஒரு டாக்டர் இப்படி எழுதுவது உங்களுக்கு விநோதமாகப் படலாம். ஆனாலும் டாக்டரைப் பார்க்கும் நாள் வரை அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருந்தாலே போதும்.

எங்கே தொடங்குவது? உங்கள் வட்டாரத்து கிளினிக் கெசிஹாத்தானில். அங்கே அவருக்குச் சுகர் கார்டு இருக்கும், அதையே சாக்காக வைத்துக்கொள்ளுங்கள். "குடியை நிறுத்த வந்திருக்கிறேன்" என்று கவுண்டரில் நின்று சொல்ல எந்த ஆம்பிளைக்கும் கூசும். "சுகர் செக்கப்" என்று நம்பர் எடுத்து, உள்ளே டாக்டரிடம் விஷயத்தைச் சொல்லலாம். டாக்டர் பத்துக் கேள்விகள் கேட்பார். உலக சுகாதார நிறுவனம் தயாரித்த ஆடிட் என்ற கேள்வித்தாள் அது. 8 மதிப்பெண் வந்தால் ஆபத்தான குடி, 20ஐ எட்டினால் உடம்பு மதுவுக்கு அடிமையாகியிருக்கலாம் என்று பொருள். எவ்வளவு குடிக்கிறார் என்று கேட்கும்போது "இரண்டு பாட்டில்" என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். லேபிளைப் படம் பிடித்துக்கொண்டு போங்கள். 150 மில்லி சம்சு, 40 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், ஒரு சின்னப் பாட்டிலில் இருக்கும் மது ஏறக்குறைய நான்கு கேன் பீருக்குச் சமம். "நான் என்ன பீரா அடிக்கிறேன், ரெண்டே ரெண்டு சின்ன பாட்டில்தானே" என்பவர்கள் அநேகமாக இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள்.

ரத்தப் பரிசோதனையில் கல்லீரல், சிறுநீரகம், சுகர், மஞ்சள் காமாலைக் கிருமிகள் எல்லாம் பார்ப்பார்கள். போன முறை வலிப்பு வந்ததை நீங்களே வாய் திறந்து சொல்லுங்கள், அவர் சொல்ல மாட்டார். அதைக் கேட்டதும் சபாக் பெர்ணாமில் உள்ள தெங்கு அம்புவான் ஜெமாஆ மருத்துவமனைக்குக் கடிதம் கொடுக்கலாம். மனநல மருத்துவர் பார்க்க வேண்டும் என்றால் பெர்ணாம் ஆற்றைத் தாண்டித் தெலுக் இந்தான், இல்லாவிட்டால் கிள்ளான். மாநிலம் வேறே என்று தயங்க வேண்டாம். எது போய்வர வசதி என்று டாக்டரிடமே கேளுங்கள். குடிமக்களுக்கு அரசு கிளினிக்கில் ஒரு வெள்ளி, அங்கிருந்து கடிதத்தோடு போனால் சிறப்பு மருத்துவருக்கு ஐந்து வெள்ளி என்பதுதான் நெடுநாளாக உள்ள கட்டணம். பஸ்ஸுக்கும் ஒரு நாள் கூலிக்கும்தான் அதைவிட அதிகம் ஆகும்.

வார்டில் என்ன நடக்கும்? பரபரப்பாக ஒன்றும் இருக்காது. நர்ஸ் சில மணி நேரத்துக்கு ஒரு முறை வந்து கையை நீட்டச் சொல்வார்: விரல் நடுங்குகிறதா, உள்ளங்கை வேர்த்திருக்கிறதா, இன்று என்ன கிழமை என்று தெரிகிறதா. அதைப் பொறுத்து டயாசெபாம் போன்ற மாத்திரையின் அளவு கூடும், குறையும். அந்த மாத்திரை மது செய்துகொண்டிருந்த மந்தத்தைத் தற்காலிகமாகத் தான் செய்து, நாளுக்கு நாள் அளவு குறைந்து, ஒரு வாரத்தில் நின்றுவிடும். கல்லீரல் மோசமாக இருந்தால் லோராசெபாம் கொடுப்பார்கள். இந்த மாத்திரைகளை வீட்டுக்குக் கொண்டுவந்து மாதக்கணக்கில் போடக் கூடாது. அதுவே இன்னொரு அடிமைத்தனம் ஆகிவிடும். அதோடு குடித்தால் மூச்சே நின்றுபோகலாம். கூடவே தயாமின் என்ற வைட்டமின் பி1 ஊசி போடுவார்கள். இதை யாரும் பெரிதாக நினைப்பதில்லை, ஆனால் எனக்கு இது முக்கியம். சாப்பாட்டைத் தள்ளிவிட்டு வருடக்கணக்கில் குடித்தவருக்கு இந்தச் சத்து வற்றிப்போயிருக்கும். அந்த நிலையில் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மிச்சம் இருப்பதும் செலவாகி, நடை தள்ளாடி, கண் ஓடி, ஞாபகம் போய்விடும் அபாயம் இருக்கிறது. "ஆளு சோர்ந்துட்டாரு, ஒரு குளுக்கோஸ் ஏத்துங்க டாக்டர்" என்று தனியார் கிளினிக்கில் கேட்கும் பழக்கம் நமக்கு உண்டு அல்லவா? கேட்பதற்கு முன் அவர் குடிப்பவர் என்று சொல்லிவிடுங்கள்.

ஏழாம் நாள் வீட்டுக்கு வருவார். முகம் தெளிந்திருக்கும், பசி எடுக்கும். எல்லாரும் "ஆளே மாறிட்டான்" என்பார்கள். இங்கேதான் பல குடும்பங்கள் ஏமாந்துபோகின்றன. உடம்பிலிருந்து மது போயிருக்கிறது, அவ்வளவுதான். வேலை விட்டு வரும் மத்தியான நேரம் அப்படியே இருக்கிறது, கடை அதே இடத்தில் இருக்கிறது, கூட்டாளிகள் அதே மரத்தடியில் இருக்கிறார்கள். தூக்கம் சரியாக வர வாரக்கணக்கில் ஆகும். எரிச்சல் இருக்கும். குடிக்கும்போது இருந்ததைவிட இப்போது சிடுசிடுப்பாக இருக்கிறாரே என்று உங்களுக்கே சலிப்பு வரும். உண்மையான சிகிச்சை இந்தப் பொழுதில்தான் தொடங்குகிறது.

மருந்துகளில் முதலில் பேசப்படுவது நால்ட்ரெக்ஸோன். நாளுக்கு ஒரு வேளை, வழக்கமாக 50 மில்லிகிராம். மது உள்ளே போனதும் மூளையில் சுரக்கும் சுகத்தை இது மறிக்கிறது. குடித்தால் போதை ஏறும், தள்ளாட்டம் வரும், ஆனால் அந்த 'அப்பாடா' வராது. அதனால் இரண்டாவது பாட்டிலைத் தேடும் வேகம் குறைகிறது. 1994இல் அமெரிக்காவில் மதுச் சிகிச்சைக்கு அனுமதி பெற்ற மருந்து இது. முதல் சில நாள் குமட்டல், தலைவலி இருக்கலாம். சாப்பிட்ட பிறகு போட்டால் குறையும். கல்லீரல் பரிசோதனையைப் பார்த்துத்தான் தொடங்குவார்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருக்க வேண்டும். இடுப்பு வலிக்கு டிராமடோல் சாப்பிடுகிறாரா? இருமலுக்கு கோடின் கலந்த சிரப்? சில தோட்டங்களில் உழைப்பு அலுப்புக்குக் கெத்தும் தண்ணீர் குடிக்கிறார்களே, அது? இவை எல்லாம் நால்ட்ரெக்ஸோன் மறிக்கும் அதே வாசலில் வேலை செய்பவை. அவற்றை நிறுத்தாமல் இந்த மாத்திரையைப் போட்டால் கடுமையான உடல் வேதனை கிளம்பும். கெத்தும் பற்றி டாக்டரிடம் சொல்ல அவர் பயப்படுவார். சொல்லாமல் இருப்பதுதான் இங்கே பெரிய ஆபத்து.

அடுத்தது அக்காம்ப்ரோசேட். கல்லீரலுக்குச் சுமை இல்லை, ஆனால் சிறுநீரகம் நன்றாக இருக்க வேண்டும். நாளுக்கு மூன்று வேளை, வேளைக்கு இரண்டு மாத்திரை. நாள் தவறாமல் சுகர் மாத்திரை போடவே மறக்கிறவருக்கு இது கடினம். எல்லா மருந்தும் எல்லா ஆஸ்பத்திரியிலும் கையிருப்பில் இருக்காது. "எது இங்கே கிடைக்கும், எவ்வளவு நாளுக்கு" என்று முதல் சந்திப்பிலேயே கேட்டு வையுங்கள்.

இவை எந்த அளவுக்குப் பலன் தரும் என்று கேட்பீர்கள். 2023இல் ஜாமா என்ற மருத்துவ இதழில் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த கணக்கு ஒன்று வந்தது. நால்ட்ரெக்ஸோன் மாத்திரையை 11 பேருக்குக் கொடுத்தால், அதனால் ஒருவர் கூடுதலாகப் பழையபடி மொடாக்குடிக்குத் திரும்பாமல் தப்பிக்கிறார். மந்திரம் இல்லை என்பது இதிலேயே தெரிகிறது. அதே சமயம் ரத்தக் கொதிப்பு, கொலஸ்ட்ரால் என்று நாம் கேள்வி கேட்காமல் விழுங்கும் பல மாத்திரைகளோடு ஒப்பிட்டால் இது மோசமான கணக்கே இல்லை. அமெரிக்காவில் 1,383 பேரை வைத்து நடத்தி 2006இல் வெளியிட்ட கம்பைன் ஆய்வில், நால்ட்ரெக்ஸோனோடு ஒரு மருத்துவரோ நர்ஸோ ஒழுங்காகக் கூப்பிட்டு விசாரித்து வந்தாலே நல்ல பலன் கிடைத்தது. பெரிய பெரிய தெரபிஸ்ட் இல்லாத ஊரில் இருக்கும் நமக்கு இது ஆறுதலான செய்தி.

மாத்திரை ஆசையின் வேகத்தைக் குறைக்கும். அதில் கிடைக்கும் இடைவெளியில் என்ன செய்வது என்பதைப் பேசிப் பேசித்தான் கண்டுபிடிக்க வேண்டும். கவுன்சலிங் என்றால் அட்வைஸ் என்று நம் ஆண்கள் நினைக்கிறார்கள்: 'குடிக்காதே, குடும்பத்தைப் பார்' என்று ஒருவர் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து சொல்வது. அதை அம்மா, மாமியார், கோயில் தலைவர், மண்டோர் எல்லாரும் ஏற்கெனவே இலவசமாகச் சொல்லியாயிற்று. நல்ல ஆலோசகர் எதிர்ப்பக்கமாகத் தொடங்குவார்: "குடிச்சா உங்களுக்கு என்ன நல்லது கிடைக்குது?" உங்கள் கணவர் திகைப்பார். பிறகு சொல்வார்: அலுப்பு தீருது, தூக்கம் வருது, கூட்டாளிகளோடு சிரிக்கலாம். அடுத்து, "நிறுத்துறது உங்களுக்கு எவ்வளவு முக்கியம்? பத்துக்கு எத்தனை மார்க்?" "நாலு." "ஏன் ஒண்ணு சொல்லாம நாலு சொன்னீங்க?" இந்தக் கேள்வியில்தான் விஷயம் இருக்கிறது. ஒன்று ஏன் இல்லை என்று விளக்க ஆரம்பிக்கும்போது, நிறுத்த வேண்டிய காரணங்களை அவரே தன் வாயால் சொல்லிவிடுகிறார். வில்லியம் மில்லர் என்ற உளவியலாளர் 1983இல் எழுதிக் காட்டிய வழி இது. பிறர் அடுக்கும் காரணத்தைவிடத் தான் சொன்ன காரணத்துக்கு மனுஷன் கட்டுப்படுகிறான்.

பிறகு வேலைகள் கொடுப்பார்கள். ஒரு சின்ன நோட்டு: எந்த நாள், எத்தனை மணி, யாரோடு, எதற்கு முன்னால் ஆசை வந்தது. இரண்டு வாரம் எழுதினாலே வடிவம் தெரிந்துவிடும். பெரும்பாலும் சம்பள நாள், மத்தியானம் வேலை முடிந்த முதல் ஒரு மணி நேரம், சாவு வீடு, சம்பந்தி வீட்டு விசேஷம். வேலை முடிந்து வெறும் வயிற்றில் அந்தக் கடையைக் கடக்கிறார் என்றால், தோட்டத்திலேயே சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவது, வேறு பாதையில் வருவது, மகனை மோட்டாரில் கூட்டிவரச் சொல்வது என்று முடிவெடுப்பார்கள். ஆசை எழும்பினால் அநேகமாக அரை மணி நேரத்துக்குள் தானே தணியும். அந்த அரை மணி நேரத்தை எங்கே கழிப்பது என்று முன்கூட்டியே ஏற்பாடு வேண்டும். "ஒரு கிளாஸ்தானே மச்சான்" என்பவனிடம் சொல்ல ஒரு வாக்கியம் தயாராக இருக்க வேண்டும். "டாக்டர் மருந்து போட்டிருக்கார், இதோட குடிச்சா ஆள் காலி" என்பது எங்கள் பக்கத்து ஆண்களுக்கு நன்றாகவே வேலை செய்கிறது. மானமும் போகாது, விவாதமும் வராது.

ஆலோசனை பெரும்பாலும் மலாயில் இருக்கும். தமிழ் பேசும் நர்ஸோ, மருத்துவரோ இருந்தால் அவரிடம் நாள் குறித்துத் தரும்படி கேளுங்கள், கேட்பதில் தப்பில்லை. பெரிய படிப்பு படித்தவர்தான் இதைச் செய்ய வேண்டும் என்றும் இல்லை. கோவாவில் சங்காத் என்ற அமைப்பு, பயிற்சி கொடுக்கப்பட்ட சாதாரண ஊர்க்காரர்களை வைத்து, அளவு மீறிக் குடிக்கும் 377 ஆண்களிடம் ஓர் ஆய்வு நடத்தியது. அதிகம் போனால் நான்கு அமர்வுதான். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, கடந்த இரண்டு வாரமாகக் குடிக்காமல் இருந்தவர்கள் ஆலோசனை பெற்றோரில் 42 சதவீதம், பெறாதோரில் 18 சதவீதம். உங்கள் கணவர் வெறுமனே அளவு மீறிக் குடிக்கும் அந்தக் கட்டத்தைத் தாண்டியவர், அவருக்கு மருந்தும் வேண்டும். ஆனால் அவரோடு மரத்தடியில் உட்காரும் இருபத்தைந்து வயதுப் பையன்கள் தாண்டவில்லை. தமிழ்நாட்டில் சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை, மஞ்சக்குடி போன்ற கிராமங்களுக்கே போய் முகாம் போட்டுச் சிகிச்சை கொடுத்தது. மனைவிமாரையும் உட்கார வைத்துப் பேசினார்கள். நம் தோட்டக் கோயில் மண்டபங்களில் அப்படி ஒரு முகாம் ஏன் நடக்கக் கூடாது என்று பல முறை யோசித்திருக்கிறேன்.

எத்தனை நாள்? முதல் மாதம் வாரம் ஒரு முறை, பிறகு இரண்டு வாரத்துக்கு, பிறகு மாதத்துக்கு ஒரு முறை. மருந்து குறைந்தது மூன்று மாதம், பலன் தெரிந்தால் ஆறு மாதம், ஒரு வருடம் வரை. இடையில் ஒரு நாள் குடித்துவிடுவார். குடிக்காமலும் போகலாம், ஆனால் குடிப்பார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு 'எல்லாம் போச்சு' என்று மாத்திரையை வீசுவதுதான் நஷ்டம். நால்ட்ரெக்ஸோனை நிறுத்தாமல், அடுத்த தேதி வரை காத்திராமல், டாக்டரிடம் போய்ச் சொல்ல வேண்டும். மாதம் முப்பது நாள் குடித்தவர் மூன்று நாள் குடித்தார் என்றால் அது தோல்வி என்று நான் எழுத மாட்டேன். முழுக்க நிறுத்துவதுதான் அவருக்குப் பாதுகாப்பு, அதில் எனக்கு ஐயம் இல்லை. கல்லீரலும் சுகரும் அப்படி. ஆனால் போகும் வழியில் குறைவதும் ஆயுளைக் கூட்டுகிறது.

சுகர் விஷயத்தில் உங்கள் கண் வேண்டும். வெறும் வயிற்றில் குடித்தால் ரத்தத்தில் சர்க்கரை பாதாளத்துக்குப் போகும். அப்போது வேர்க்கும், நாக்கு குழறும், மயங்கிச் சரிவார். பார்ப்பவர்கள் "தண்ணி போட்டுட்டுக் கிடக்கான்" என்று தாண்டிப் போவார்கள். குத்திப் பார்க்கும் மெஷின் வீட்டில் இருந்தால் உடனே பாருங்கள், இல்லாவிட்டால் 999. இன்னொன்று, விலை மலிந்த பெயரில்லாச் சரக்கு. 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் சுற்று வட்டாரத்திலும் மெத்தனால் கலந்த மதுவால் நாற்பதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். குடித்த மறுநாள் பார்வை மங்கினால் அது 'ஹேங்ஓவர்' இல்லை, அவசரம்.

அந்தப் பொடியைக் குப்பையில் போடுங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று விற்பவனுக்கும் தெரியாது. சிலவற்றில் டைசல்ஃபிராம் இருக்கலாம். 1948இல் டென்மார்க்கில் இருவர் மதுவுக்கு எதிராகப் பயன்படுத்திக் காட்டிய உண்மையான மருந்துதான் அது. அதைச் சாப்பிட்டவர் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் சரியும். தெரிந்து, சம்மதித்து, மனைவி கையால் தினமும் வாங்கிப் போடுபவருக்கு அது நல்ல காவல். தெரியாமல் குழம்பில் விழுங்கியவர் இரண்டு பாட்டில் சம்சு அடித்தால் இதயமே நிற்கலாம். மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரம் வரைகூட அந்த விளைவு இருக்கும். தெரிய வந்த நாளில் உங்கள் சாப்பாட்டின் மேலேயே அவருக்கு நம்பிக்கை போய்விடும் என்பது தனிக் கதை.

தஞ்சோங் ரம்புத்தான் 1911இல் திறந்த ஆஸ்பத்திரி. மூன்று நான்கு தலைமுறையாக நம் வீடுகளில் அந்த ஊர் பெயரே மிரட்டலாகிவிட்டது. தேவைப்பட்டால் அங்கேயும் சிகிச்சை உண்டு. ஆனால் ஆளைக் கொண்டுபோய் 'விட்டுவிட்டு வரும்' இடம் இல்லை அது. உங்கள் கணவருக்கு இப்போது அந்தத் தேவை இருப்பதாகவும் தெரியவில்லை.

போலீஸ் பயம் வேண்டாம். மது போதைப்பொருள் பட்டியலில் இல்லை. கிளினிக்கில் சொன்னால் எங்கேயும் பேர் ஏறாது. வேலையைப் பொறுத்தவரை, வேலைச் சட்டப்படி வார்டில் இருக்கும் நாட்களுக்கு ஆண்டுக்கு 60 நாள் வரை மருத்துவமனை விடுப்பு உண்டு. எம்.சி.யை வாங்கிக் கிராணியிடம் கொடுங்கள். வார்டை விட்டு வந்த வாரத்திலேயே நீளக் கொக்கியைத் தூக்கிக் குலை வெட்ட அனுப்பாதீர்கள். மாத்திரை மயக்கம் தெளியும் வரை டிராக்டரும் மோட்டாரும் வேண்டாம்.

தோட்டத் தமிழன் என்றாலே குடிகாரன் என்று பேசுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள், அந்த வெட்கமும் கிளினிக் வாசலில் காலைப் பிடித்து இழுக்கும். கள்ளுக்கடையைத் தோட்டத்துக்குள்ளேயே கொண்டுவந்து வைத்தவர்கள் யார் என்பது அவர்களுக்கு மறந்துவிட்டது. இதே சிலாங்கூரில் 1941இல் ஆர்.எச். நாதன் முன்னின்ற கிள்ளான் வட்டார வேலைநிறுத்தத்தில், துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம் என்ற கோரிக்கையோடு கள்ளுக்கடைகளை மூடு என்ற கோரிக்கையும் இருந்தது. கேட்டவர்கள் தோட்டத் தொழிலாளிகள்தான்.

உங்களுக்கும் ஒரு பங்கு இருக்கிறது, ஆனால் அவருடைய குடிக்கு நீங்கள் பொறுப்பு இல்லை. போதையில் இருக்கும்போது சண்டை பிடிக்காதீர்கள், அது வீண். தெளிந்த காலையில், இரண்டே வாக்கியம்: "வலிப்பு வந்த அன்னிக்குப் பிள்ளைங்க அழுததை என்னால மறக்க முடியல. புதன்கிழமை கிளினிக்குக்கு நானும் வர்றேன்." குடிக்காத சாயங்காலத்தில் அவரோடு உட்கார்ந்து தேத்தண்ணி குடியுங்கள், குடித்த ராத்திரியில் தனியாக விடுங்கள். அவர் வேலைக்குப் போகாத நாளில் மண்டோருக்குப் போன் செய்து பொய் சொல்வதை நிறுத்துங்கள். இப்படிக் குடும்பத்தாருக்கு முதலில் பயிற்சி கொடுக்கும் முறையை 1999இல் அமெரிக்காவில் சோதித்தபோது, வரவே மாட்டேன் என்றவர்களில் 64 சதவீதம் பேர் சிகிச்சைக்கு வந்தார்கள். அவர் கை நீட்டுபவராக இருந்தால் மேலே சொன்ன எதுவும் முதல் வேலை இல்லை. நீங்களும் பிள்ளைகளும் பத்திரமாக இருப்பதுதான் முதல் வேலை. அதற்கு அழைக்க வேண்டிய உதவி எண் தாலியான் காசே 15999. மனம் தாங்காத ராத்திரிகளுக்கு ஹீல் லைன் 15555 இருக்கிறது. அவரும் பேசலாம், நீங்களும் பேசலாம்.

கிளினிக்குக்குக் காலையிலேயே போங்கள், நம்பர் சீக்கிரம் தீர்ந்துவிடும். அடையாள அட்டை, சுகர் கார்டு, வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரைப் பட்டைகள், சம்சு பாட்டில் லேபிளின் படம், வலிப்பு வந்த தேதி எழுதிய சீட்டு. அன்று காலையில் அவர் நடுக்கத்துக்குக் கொஞ்சம் போட்டுவிட்டுத்தான் வருவார் என்றால் அப்படியே வரட்டும். எத்தனை மணிக்கு, எவ்வளவு என்று மட்டும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.